காளைக்கு மூன்று அங்குலம்

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். சாயங்காலம் பட்டறையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பிக்கப் வந்து நின்றது. தொட்டி முழுக்க வைக்கோல் தூசி, பக்கத் தடுப்பில் கொம்பு உரசிய கோடுகள். காளை ஏறும் வண்டி என்று கேட்காமலே தெரிந்தது.

"அண்ணே, வண்டியத் தூக்கணும்" என்றபடி இறங்கினான் ஒரு பையன். இருபத்தைந்து வயது இருக்கும்.

"எங்க, ஜாக்கியிலயா?"

"நக்கல் பண்ணாதீங்கண்ணே. பாடிய மூணு இஞ்சு தூக்கணும். பொங்கலுக்குள்ள முடிச்சுக் குடுங்க."

அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஊர். அவனுடைய அப்பா பக்கத்துச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கவும் இல்லை, பேசவும் இல்லை. பையன் செல்போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினான். பனிமலை ஒன்றில் டொயோட்டா ஹைலக்ஸ் நின்றது. டயர் ஒவ்வொன்றும் ஓர் ஆளின் இடுப்பு உயரம்.

பட்டை வேலைக்கு நான் வந்து நாற்பது வருஷம் ஆகிறது. பட்டை என்றால் லீஃப் ஸ்பிரிங். 1984-ல் மதுரையில் பழங்காநத்தம் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் யூ போல்ட் துடைக்கிற பையனாகச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் வருகிறவர்கள் "சத்தம் கேக்குது, பாருங்க" என்பார்கள். இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். அது தப்பில்லை. வைத்தியம் என்ன என்று சொல்லிவிட்டு, வியாதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் சங்கடம்.

"அது ஐஸ்லாந்து வண்டிடா" என்றேன். அந்த நாட்டில் ஆர்க்டிக் டிரக்ஸ் என்றொரு கம்பெனி ஹைலக்ஸுக்கு 38 அங்குல டயர் மாட்டிக் கொடுக்கிறது. காற்றைக் குறைத்து ஓட்டினால் அந்த அகல டயர் பனிக்குள் புதையாமல் மேலேயே மிதந்து போகும். அவர்களுக்குப் பனியில் போக வேண்டியிருந்தது. அதற்கு அந்த டயர் வேண்டியிருந்தது. டயருக்கு இடம் வேண்டியிருந்தது, அதனால் வண்டியைத் தூக்கினார்கள். "உனக்கு எதுக்குடா?"

"கால்வாய்க் கரையில போனா அடியில இடிக்குதுண்ணே."

"எது இடிக்குது?"

அவனுக்குத் தெரியவில்லை. இதுவரை தூக்கச் சொல்லி வந்தவர்களில் பாதிப்பேர் இந்தக் கேள்விக்குத்தான் நின்றுபோயிருக்கிறார்கள்.

ஒரு சாக்கை விரித்து, டார்ச்சோடு அடியில் படுத்தேன். வண்டியின் அடிப்பாகம் பொய் சொல்லாது. இடித்த இடம் பளபளக்கும், இடிக்காத இடத்தில் துரு இருக்கும். பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்குகிற கிரவுன் பெட்டியின் அடியில் தேய்ப்பு. சைலன்சர் நசுங்கியிருந்தது. பின்னால் தொங்கும் ஸ்டெப்னி டயரில் கரை மண் அப்பியிருந்தது. ஆனால் சக்கரக் கூடுகளுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். எங்கும் டயர் உரசிய தடமே இல்லை.

எனக்குப் பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், பாடி லிஃப்ட் என்பது என்ன என்று சொல்ல வேண்டும்.

பொலேரோ பிக்கப் ஆனாலும் சரி, டாடா யோதா ஆனாலும் சரி, இசுசு டி-மேக்ஸ் ஆனாலும் சரி, இந்த வண்டிகள் எல்லாம் இரண்டு அடுக்கு. கீழே ஏணி மாதிரி ஒரு சேஸ். எஞ்சின், கியர் பெட்டி, பட்டை, அச்சு எல்லாம் அதைச் சேர்ந்தவை. அதன் மேல் கேபின் தனியாக, தொட்டி தனியாக உட்கார்ந்திருக்கின்றன. கேபினுக்கும் சேஸுக்கும் நடுவே கனமான ரப்பர் புஷ்கள், ஒவ்வொன்றையும் துளைத்துக்கொண்டு ஒரு போல்ட். அந்தப் போல்ட்டைக் கழற்றி, கேபினையும் தொட்டியையும் ஜாக்கி வைத்து உயர்த்தி, இடையில் இரண்டு மூன்று அங்குலக் கட்டைகளைச் செருகி, நீளமான போல்ட் போட்டு இறுக்கினால் அதுதான் பாடி லிஃப்ட். சேஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சும் அப்படியே.

சின்னப் பையன்களுக்கு நான் இப்படிச் சொல்லிக் கொடுப்பேன். கட்டை வைத்தால் கேபின் உயரும். பட்டை மாற்றினால் சேஸ் உயரும். டயர் மாற்றினால்தான் அச்சு உயரும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்கிறவன் காசைக் கொட்டிவிட்டு, அதே மேட்டில் அதே இடத்தில் இடித்துக்கொண்டு நிற்பான்.

கால்வாய்க் கரைப் பாதையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பேரணையில் பிரிந்து வரும் பெரியாறு கால்வாயை ஒட்டி, வாடிப்பட்டி, அலங்காநல்லூர் வட்டாரமெல்லாம் இந்தக் கரைகள்தான் வயலுக்குப் பாதை. டிராக்டர் போய்ப் போய் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். நடுவில் முதுகு மாதிரி மேடு. பிக்கப்பின் சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் நடு மேடு கிரவுன் பெட்டியை நேராகப் பதம் பார்க்கும். கேபினை மூன்று அங்குலம் தூக்கினால் டிரைவர் இன்னும் மூன்று அங்குலம் மேலேயிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்கலாம், அவ்வளவுதான்.

தெற்கே திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசலில் கதை வேறு. அங்கே மழை பெய்தால் இடிப்பதற்கு முன்னால் சக்கரம் மண்ணுருண்டையாகிவிடும். மண் டயரில் அப்பி, டயருக்கும் கூட்டுக்கும் இடையே நிரம்பி, சக்கரமே சுற்றாது. அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்து சக்கரக் கூட்டில் இடம் வேண்டும் என்று கேட்டபோது அதில் ஒரு நியாயம் இருந்தது. அவருக்கும் நான் தூக்கிக் கொடுக்கவில்லை. ஆனால் அது கேட்கத் தகுந்த கேள்வி. 2024 அக்டோபர் 25-ல் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அதற்குப் பிறகும் இரண்டு பேர் வந்தார்கள், தண்ணீருக்கு மேலே வண்டியைத் தூக்க. கட்டை வைத்தால் கேபினுக்குள் தண்ணீர் வராது, எஞ்சினுக்குள்தான் வரும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

பையன் விடுவதாக இல்லை. "அப்ப பெரிய டயரும் போட்டுறலாம்ணே. டயருக்கு இடம் வேணும்ல, அதுக்குத்தான் பாடி லிஃப்ட்."

சரியாகப் பிடித்தான். பாடி லிஃப்ட்டுக்கு இருக்கிற ஒரே நேர்மையான காரணம் அதுதான். அதனால் சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டேன்.

அவன் வண்டியின் டயர் 215/75 R15. அகலம் 215 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு 75 பங்கு பக்கச் சுவரின் உயரம், அதாவது 161 மில்லிமீட்டர். மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு சுவர், நடுவில் 15 அங்குல ரிம். மொத்த உயரம் ஏறக்குறைய 703 மில்லிமீட்டர். ஒரு சைஸ் பெரிதாக 235/75 போட்டால் 733. டயர் 30 மில்லிமீட்டர் உயர்ந்தது, ஆனால் அச்சு இருப்பது டயரின் நடுவில். அது உயர்வது பாதிதான், 15 மில்லிமீட்டர். நம் சுண்டுவிரல் தடிமன். அதற்குப் பெரும்பாலும் கட்டையே தேவைப்படாது.

"31 இஞ்சு போட்டா?"

31 அங்குலம் என்றால் 787 மில்லிமீட்டர். அச்சு 42 மில்லிமீட்டர் ஏறும். அது உருப்படியான உயரம்தான், அதற்குக் கூட்டில் இடமும் வேண்டும்தான். ஆனால் டயரின் சுற்றளவு நூற்றுக்குப் பன்னிரண்டு கூடிவிட்டது. மீட்டரில் 60 என்று காட்டும்போது வண்டி 67-ல் போய்க்கொண்டிருக்கும். எஞ்சின் அதே எஞ்சின், கிரவுன் பல் அதே பல். லோடோடு மேடு ஏறினால் ஒரு கியர் குறைத்துத்தான் ஏற வேண்டும், கிளச் சீக்கிரம் கருகும். பிரேக்கும் அதே பிரேக். பெரிய சக்கரத்தைச் சின்ன பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். ஒன்றை மாற்றினால் ஒன்பது வந்து நிற்கும் என்பது இதுதான்.

அலமாரியின் மேல்தட்டில் கிடந்த ஒரு நைலான் கட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். லேத்தில் கடைந்தது, மூன்று அங்குல உயரம், நடுவில் துளை. மஞ்சள் பூத்துப்போயிருந்தது. "அடடே, வச்சிருக்கீங்களேண்ணே!" என்றான்.

வைத்திருக்கிறேன்தான். மொத்தம் எட்டு. 1997-ல் நானே கடையக் கொடுத்து வாங்கியவை.

மேலூர்ப் பக்கம் கல் குவாரிக்குப் போய்வரும் ஒருவர் பழைய ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தார். பெரிய டயர் கிடைத்திருந்தது, உள்ளே நுழையவில்லை. எனக்கு அப்போது கை துறுதுறுவென்று இருந்த வயது. முடியாது என்று சொன்னால் தொழில் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்கிற பயமும் இருந்தது. கட்டை கடைந்தாயிற்று. நீளப் போல்ட் அந்த அளவில் கடையில் கிடைக்கவில்லை. பழைய போல்ட்டையே இரண்டாக வெட்டி நடுவில் துண்டு வைத்து வெல்டிங் அடித்தேன். இன்றைக்கு ஒரு பையன் அப்படிச் செய்தால் கையிலேயே போடுவேன்.

தூக்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கியர் லீவர் தரையின் ஓட்டையில் முட்டியது, ஓட்டையை வெட்டிப் பெரிதாக்கினேன். ரேடியேட்டர் பாடியோடு மேலே போய்விட்டது, ஃபேன் எஞ்சினோடு கீழே நின்றது. ஃபேன் இறக்கை கவரில் உரசியது, கவரைக் கழற்றிப் போட்டேன். அதனால் வெயிலில் எஞ்சின் சூடேறியது. ஸ்டீயரிங் தண்டு தன் இணைப்பில் முக்கால்வாசி வெளியே வந்து, கொஞ்சம்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு துண்டு சேர்த்தேன். பிரேக் டியூபும் டீசல் ஊற்றும் குழாயும் இழுபட்டு விறைத்தன. முன் பம்பருக்கும் பாடிக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி, அதில் ஒரு தகடு அடித்து மறைத்தேன். ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு என்று நான்கு நாள் வேலை ஓடியது. ஐந்தாம் நாள் வண்டி கம்பீரமாக வெளியே போனது. தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாற்பது நாளோ ஐம்பது நாளோ ஓடியிருக்கும். ஒரு வளைவில் வெல்டிங் வைத்த போல்ட் ஒன்று முறிந்தது. ரப்பரோடு ரப்பராக உட்கார்ந்திருந்த காலத்தில் அந்தப் போல்ட் வெறும் பிடிமானம். கட்டை மேல் நின்றபோது வளைவுக்கு வளைவு அதை நெம்புகோல் மாதிரி பாடி ஆட்டியிருக்கிறது. ஒன்று போனதும் அதற்கு அடுத்த மவுண்டின் துருப்பிடித்த தகடு கிழிந்துவிட்டது. பாடி ஒரு பக்கம் சாய, வண்டி ஓரப் பள்ளத்தில் இறங்கியது. ஓட்டியவருக்குக் கை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நாந்தான கேட்டேன், நீங்க செஞ்சு குடுத்தீங்க" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

வண்டியைப் பிரித்துக் கட்டைகளை எடுத்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. அன்றைக்கு மேல்தட்டில் ஏறியவை.

பையன் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இப்பல்லாம் நல்ல போல்ட்டோட கிட்டா வருதுண்ணே. வெல்டிங்லாம் வேணாம்."

வருகிறது. நல்ல கிட், நல்ல போல்ட், எல்லா மவுண்டும் திடமாக இருக்கிற புது வண்டி, ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ மட்டும் என்றால் அது நிற்கும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றேன்.

முதல் ஆள் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆகிவிட்டது. வண்டியின் ஓனர்மேலேயே வரும். ஆர்.சி. அப்பா பேரில் இருக்கிறது. அதுவும் சரக்கு வண்டி, எட்டு வருஷம் தாண்டிவிட்டது, வருஷா வருஷம் எஃப்.சி. காட்டியாக வேண்டும். ஒவ்வொரு வருஷமும் கட்டையைக் கழற்றி மாட்டுவானா? நடுவில் ஏதாவது ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது கட்டையைப் பற்றித்தான்.

இரண்டாவது ஆள் வளைவு. ஒரு வண்டி வளைவில் கவிழாமல் நிற்பதற்கு மெக்கானிக் கணக்கு ஒன்று உண்டு. இரண்டு சக்கரத்துக்கும் நடுவிலுள்ள அகலத்தில் பாதியை எடுத்து, எடை மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அகலம் 1,400 மில்லிமீட்டர், லோடோடு மையம் 800-ல் என்று வைத்துக்கொண்டால் 700-ஐ 800-ஆல் வகுக்க 0.875 வரும். கேபின், தொட்டி, சரக்கு எல்லாம் 75 மில்லிமீட்டர் ஏறினால் மொத்த மையம் 50 ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது 0.82. தாளில் சின்ன வித்தியாசம். ஆனால் நெல் மூட்டை ஏற்றினால் அது போட்ட இடத்தில் கிடக்கும். இவன் ஏற்றுவது முந்நூறு, நானூறு கிலோ உயிர். வளைவில் அது வெளிப்பக்கம் காலை மாற்றி வைக்கும். மையம் உயரமாகவும் இருந்து, அதே நேரத்தில் பக்கவாட்டிலும் நகர்ந்தால் கணக்கு எங்கே நிற்கும்?

மூன்றாவது ஆளைப் பற்றி நான் வாயெடுக்கும் முன், சீட்டிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, காளை ஏறாது."

அதுவரை வாய் திறக்காத பெரியவர் கதவைத் திறந்து இறங்கினார். அவர்கள் வீட்டில் புலிக்குளம் காளை. வீட்டுக்குப் பின்னால் ஒரு மண் மேடு போட்டிருக்கிறார்களாம், தொட்டியின் தளத்துக்குச் சரிமட்டமாக. வண்டியைப் பின்னுக்கு எடுத்து மேட்டில் ஒட்டிப் பின்கதவை இறக்கினால் காளை தன்பாட்டில் நடந்து ஏறும். கன்றிலிருந்து பழக்கியது.

"ஒரு தடவ மழையில மேடு கரைஞ்சுபோச்சு. இம்புட்டுத்தான் எறக்கம்" என்று நான்கு விரலைக் காட்டினார். "முன்னங்கால வச்சுப் பாத்துட்டு எடுத்துக்கிருச்சு. ரெண்டு மணி நேரம். இழுத்தா ஏறுமா? அதுக்கப்புறம் மண்ணு கொட்டித்தான் ஏத்துனோம். வாடிவாசல் முடிஞ்சு, மெரண்டு வர்ற மாட்ட எந்த மேட்டுல ஏத்துவ? அங்க மேடு போட்டு வச்சிருப்பானா?"

எனக்கு இது தோன்றியிருக்கவில்லை. லோடுமேன்கள் மூட்டையை இன்னும் மூன்று அங்குலம் தூக்க வேண்டுமே என்பதைத்தான் மூன்றாவதாகச் சொல்ல நினைத்திருந்தேன். தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஜல்லிக்கட்டுக்குச் சுற்றுகிற வண்டி. கிடைத்த இடத்தில் நிறுத்தி, கிடைத்த திண்டில் ஒட்டி ஏற்ற வேண்டும். அந்தக் கணக்கு என் சாக்பீஸில் இல்லை.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இடிக்கிறது என்றது பாதி நிஜம்தான். மீதி என்னவென்று எனக்குத் தெரியும். வாடிவாசல் பக்கம் நூறு வண்டி நிற்கும்போது தன் வண்டி தனியாகத் தெரிய வேண்டும். அந்த ஆசை மட்டமானதில்லை. காளையின் கொம்புக்கு எண்ணெய் தேய்த்துப் பளபளக்க வைக்கிற கைதானே வண்டியையும் அழகு பார்க்கும்? அதற்குக் கட்டைதான் வழி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வண்டிய மூணு நாள் விட்டுட்டுப் போ" என்றேன்.

பின்பட்டை படுத்துக் கிடந்தது. வளைவாக இருக்க வேண்டிய பட்டை நேர்க்கோடாக நின்றது. சைலன்சரும் ஸ்டெப்னியும் கரையில் இடித்ததற்குக் காரணம் அதுதான். அடித்து வளைவு ஏற்றுவது மலிவு, ஆனால் ஆறு மாதத்தில் மறுபடி படுக்கும். புது செட் போட்டேன், கம்பெனி கொடுத்த அதே எண்ணிக்கைப் பட்டைகளோடு. ஒரு பட்டை கூடச் சேர்க்கச் சொல்லிப் பலர் கேட்பார்கள். சேர்த்தால் வெறும் வண்டி கட்டை வண்டி மாதிரி குதிக்கும். காளைக்குத்தான் கால் வலிக்கும். டயர் நான்கும் வழுக்கையாகியிருந்தன, அதே சைஸில் புதிது போட்டதில் அச்சு ஏழெட்டு மில்லிமீட்டர் ஏறியது. கிரவுன் பெட்டிக்கு அதற்கு மேல் நான் செய்ய ஒன்றுமில்லை. அதற்கு மருந்து ஸ்டீயரிங்கில் இருக்கிறது. டிராக்டர் பள்ளத்தில் இறங்காமல், ஒரு சக்கரத்தை நடு மேட்டிலும் ஒரு சக்கரத்தைக் கரை ஓரத்திலும் வைத்து ஓட்ட வேண்டும்.

கேபின் ரப்பர்களைப் பார்த்தபோதுதான் எனக்கே சிரிப்பு வந்தது. பத்து வருஷ வெயிலில் வெந்து, அப்பளம் மாதிரி தட்டையாகியிருந்தன. கேபின் தன் இடத்திலிருந்து அரை அங்குலம் கீழே உட்கார்ந்துபோயிருந்தது. புது ரப்பர் போட்டு இறுக்கினேன்.

மூன்றாம் நாள் பையன் வந்தான். தூரத்திலேயே நின்று பார்த்தான். பின்பக்கம் நிமிர்ந்திருந்தது, கேபின் நிமிர்ந்திருந்தது, புது டயரின் கறுப்பு. "அண்ணே, தூக்கிட்டீங்களா?" என்றான், முகம் மலர்ந்து.

"எறங்குனத ஏத்தியிருக்கேன். அம்புட்டுதான்."

சுற்றி வந்து பார்த்தான். அவனுக்குப் பாதி திருப்தி, பாதி இல்லை. "அடுத்த வருஷம் பாப்போம்ணே" என்றான். பார்க்கலாம் என்றேன். அடுத்த வருஷமும் சாக்பீஸ் இருக்கும்.

பெரியவர் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, மேஜையில் கிடந்த நைலான் கட்டையை எடுத்தார். தட்டிப் பார்த்தார், அடியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது ஒண்ணு குடு. கழனித்தொட்டி ஒரு பக்கம் எறங்கிக் கெடக்கு, அடியில வச்சுக்கிர்றேன்."

கொடுத்தேன். ஒன்று போதுமா என்று கேட்டு, இன்னொன்றும் கொடுத்தேன்.